ஜார் மன்னர் காலி செய்த வீடு

வாடகை வீட்டில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு அட்வான்ஸ் கதை இருக்கும். பெயிண்டிங் காசு என்று பிடித்தார்கள், ஆணி அடித்ததற்குப் பிடித்தார்கள், நான் போகும் முன்னாடியே உடைந்திருந்த குழாய்க்கும் பிடித்தார்கள் என்று. ஹவுஸ் ஓனர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு கதை இருக்கும்: "வீட்டை என்ன பண்ணி வெச்சிருந்தாங்க தெரியுமா?" அதிலும் வாடகைக்கு வந்தவர் வெளிநாட்டுக்காரர் என்றால் கதை இன்னும் பெரிதாகிவிடும். காசு கேட்பதற்குள் ஆள் விமானம் ஏறியிருப்பார்.

இன்றைக்கு நான் சொல்லப்போவது அப்படி ஒரு கதை. நடந்தது 1698-இல், லண்டனுக்குப் பக்கத்தில். வாடகைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ரஷ்யாவின் ஜார், முதலாம் பீட்டர். பின்னாளில் 'மகா பீட்டர்' என்று அழைக்கப்பட்டவர். வீட்டுக்காரர் ஜான் ஈவ்லின். சேதத்தைக் கணக்குப் போட வந்தவர் கிறிஸ்டோபர் ரென். ஆமாம், லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான்.

இந்தக் கதையை இணையத்தில் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டுத் தள்ளுவண்டியில் உட்கார்ந்து வேலியை இடித்துத் தள்ளிய ராஜா என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் இதை எடுத்ததற்குக் காரணம் வேறு. சேதத்தைப் பற்றிய காகிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றைப் பொறுமையாகப் படித்தால், யார் உடைத்தது, யார் பொறுப்பு, யார் காசு கொடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் மூன்று வெவ்வேறு பதில் கிடைக்கிறது.

முதலில் வீடு

டெப்ட்ஃபோர்ட் என்பது தேம்ஸ் நதிக்கரையில், கிரீனிச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி. எட்டாம் ஹென்றி காலத்திலிருந்தே அங்கே அரசாங்கத்தின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. அந்தத் தளத்தின் மதிலை ஒட்டி ஒரு பழைய பெரிய வீடு. பெயர் சேஸ் கோர்ட்.

ஈவ்லினுக்கு இந்த வீடு மனைவி மேரி பிரவுன் வழியாக வந்தது. நிலம் அரச குடும்பத்துடையது. மேரியின் குடும்பம் அதைக் குத்தகைக்கு வைத்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, முதலாம் சார்லஸின் தலையை வெட்டி, நாடாளுமன்றம் அரச சொத்துகளை விற்ற நேரத்தில், 1653-இல், ஈவ்லின் காசு கொடுத்துத் தன் உரிமையை உறுதிப்படுத்திக்கொண்டார். மன்னராட்சி திரும்பியதும் மறுபடியும் நீண்டகாலக் குத்தகை. ஆக, நம்ம கதையில் ஹவுஸ் ஓனராக வருகிறவரே ஒரு வகையில் குத்தகைதாரர்தான். இதை மனசில் வெச்சுக்கோங்க.

அவர் அங்கே வந்தபோது சுற்றிலும் வெறும் வயல். அதில் நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்து ஒரு தோட்டத்தை உருவாக்கினார். பழமரங்கள், மூலிகைகள், வரிசை வரிசையாக மரங்கள், பந்து உருட்டி விளையாடும் புல்வெளி. கண்ணாடியால் ஆன ஒரு தேன்கூட்டுப் பெட்டி கூட இருந்தது. உள்ளே தேனீக்கள் அடை கட்டுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். 1665-இல் வந்து பார்த்த சாமுவேல் பீப்ஸ் அதைத் தன் நாட்குறிப்பில் ரசித்து எழுதியிருக்கிறார். ஈவ்லினும் பெரிய நாட்குறிப்பு எழுத்தாளர். ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். மரம் வளர்ப்பது பற்றி 1664-இல் 'சில்வா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இங்கிலாந்தில் காடுகள் அழிந்துகொண்டே வருகின்றன, கப்பல் கட்ட மரம் இருக்காது, எல்லோரும் மரம் நடுங்கள் என்று சொன்ன புத்தகம் அது.

அந்த வீட்டில் துக்கமும் இருந்தது. மூத்த மகன் ரிச்சர்ட் 1658-இல் ஐந்து வயதில் இறந்தான். மகள் மேரி 1685-இல் அம்மை கண்டு போனாள். பெற்று, வளர்த்து, இழந்து, நட்டு, வெட்டிச் சீர்செய்து வாழ்ந்த இடம். இதைச் சொல்வதற்குக் காரணம், பிறகு சேதப் பட்டியல் வரும்போது அதில் நாற்காலிக்கு விலை இருக்கும், கண்ணாடிக்கு விலை இருக்கும். இந்த நாற்பது வருடத்துக்கு என்ன விலை என்று யோசிக்கணும் என்பதற்காகத்தான்.

உள்வாடகை

1694-இல், எழுபதைத் தாண்டிய வயதில், ஈவ்லின் தன் அண்ணன் இருந்த ஊருக்கு, சர்ரே பகுதியில் உள்ள வோட்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1696 ஜூனில் சேஸ் கோர்ட்டை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விட்டார். எடுத்தவர் ஜான் பென்போ, கடற்படை அதிகாரி. டெப்ட்ஃபோர்ட் தளத்தில் வேலை பார்த்தவர். பக்கத்திலேயே ஆபீஸ், நல்ல பதவி, நல்ல சம்பளம். புரோக்கர் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு வருகிற டைப்.

ஆனால் ஆறே மாதத்தில் ஈவ்லின் புலம்ப ஆரம்பித்துவிட்டார். 1697 ஜனவரியில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தான் உழைத்துச் செலவு செய்து வளர்த்ததெல்லாம் நாளுக்கு நாள் கெட்டுப்போவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் நாகரிகம் தெரிந்த குடித்தனக்காரர் கிடைத்திருக்கலாம் என்று சொல்கிறார். தேதியைக் கவனியுங்க. 1697 ஜனவரி. அந்த நேரத்தில் ஜார் மாஸ்கோவை விட்டே கிளம்பவில்லை.

வந்தவர் யார்?

1697 மார்ச்சில் மாஸ்கோவிலிருந்து ஒரு பெரிய தூதுக்குழு மேற்கு நோக்கிப் புறப்பட்டது. துருக்கிக்கு எதிராகக் கூட்டணி தேடுவது அதிகாரபூர்வமான நோக்கம். அந்தக் குழுவில் 'பியோத்தர் மிகைலோவ்' என்ற பெயரில் சாதாரண ஆளாக வந்தவர்தான் ஜார். வயது 24. உயரம் கிட்டத்தட்ட 6 அடி 7 அங்குலம். அந்த உயரத்தோடு மாறுவேஷம் எவ்வளவு நேரம் தாங்கும்? போகிற இடமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாத மாதிரியே எல்லோரும் நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அவருக்கு வேண்டியது கப்பல் கட்டும் தொழில். முதலில் ஹாலந்து போனார். ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளத்தில் நான்கு மாதத்துக்கு மேல் கையில் கோடாலி பிடித்துத் தச்சு வேலை செய்தார். அதே கம்பெனிதான் அந்த நேரத்தில் நம்ம நாகப்பட்டினத்தில் சோழமண்டலக் கரையின் தலைமையகத்தை வைத்திருந்தது. இங்கே துணி வாங்க வந்த கப்பல்களைக் கட்டிய அதே கம்பெனியின் தளத்தில்தான் ரஷ்ய ராஜா உளி பிடித்தார்.

டச்சுத் தச்சர்கள் கைப்பழக்கத்தில் கட்டினார்கள். வரைபடம், கணக்கு என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. இங்கிலாந்தில் காகிதத்தில் வரைந்து கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள் என்று யாரோ சொல்ல, 1698 ஜனவரியில் பீட்டர் லண்டன் வந்து இறங்கினார். மன்னர் மூன்றாம் வில்லியம் வரவேற்றார். முதலில் ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. ஆனால் ஜாரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வேடிக்கை பார்க்கப்படுவது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆற்றோரமாக, கப்பல் தளத்துக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத வீடு வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்ததுதான் சேஸ் கோர்ட்.

பிப்ரவரி 9 அன்று குடிபுகுந்தார்கள். ஜார் நேரே தளத்துக்குப் போய்வர வசதியாகத் தோட்ட மதிலை உடைத்து ஒரு வழி ஏற்படுத்தினார்கள். ஓனருடைய அனுமதி இல்லாமல் சுவரை உடைப்பதில்தான் கதையே ஆரம்பிக்கிறது பாருங்க.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஈவ்லினின் வேலையாள் ஒருவர் அங்கே இருந்தார். அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வீடு முழுக்க ஆட்கள், ஒரே அசிங்கம் என்கிறார். ஜார் உங்கள் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் படுக்கிறார், படிக்கும் அறைக்குப் பக்கத்தில் சாப்பிடுகிறார். காலை 10 மணிக்கு ஒரு சாப்பாடு, மாலை 6 மணிக்கு ஒரு சாப்பாடு. முழு நாள் வீட்டில் இருப்பது அபூர்வம். கப்பல் தளத்தில் இருப்பார், இல்லையென்றால் ஆற்றில். இன்றைக்கு நம் மன்னர் வருவதாக இருக்கிறது, அதற்காக ஒரு நல்ல அறை மட்டும் ஓரளவு சுத்தமாக இருக்கிறது. இப்படிப் போகிறது கடிதம். கூடவே ஒரு தகவல்: செலவையெல்லாம் மன்னர் வில்லியம் ஏற்றுக்கொள்கிறார்.

மன்னர் செலவு செய்கிறார் என்ற அந்தத் தகவல் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்றேன்.

பட்டியல்

ஏப்ரல் 21 அன்று ஜார் கிளம்பினார். மொத்தம் பத்து வாரம். ஈவ்லின் தன் நாட்குறிப்பில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறார். ஓனர்களுக்கு அப்படித்தான் தோன்றும் போல.

இதில் ஒன்றைச் சொல்லியாகணும். பீட்டர் பகலெல்லாம் ஊர் சுற்றிப் பொழுதைக் கழிக்கவில்லை. கப்பல் தளம், வூல்விச் ஆயுதக் கிடங்கு, கிரீனிச் வான்காணகம், டவரில் இருந்த நாணயச் சாலை என்று எல்லாவற்றையும் தேடிப் போய்ப் பார்த்தார். கணித ஆசிரியர் ஹென்றி ஃபார்க்கர்சன், பொறியாளர் ஜான் பெரி போன்றவர்களை வேலைக்கு எடுத்து ரஷ்யாவுக்கு அனுப்பினார். 1701-இல் மாஸ்கோவில் கணிதம், கடல்வழி கற்பிக்கும் பள்ளி தொடங்கியதில் ஃபார்க்கர்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. பகலில் அறிவைத் தேடிய அதே கூட்டம்தான் ராத்திரியில் வீட்டுக்கு வந்து குடித்தது.

காலி செய்த பிறகு பென்போ அரசுக் கருவூலத்துக்கு மனு போட்டார். நான் ஈவ்லினிடமிருந்து எடுத்த வீடு இது, ஒப்பந்தப்படி நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டியவன் நான், என் சாமான்களும் போய்விட்டன, ஆள் அனுப்பிப் பாருங்கள் என்பது சாரம். அரசாங்கம் கிறிஸ்டோபர் ரென்னை அனுப்பியது. தோட்டத்தைப் பார்க்க ஜார்ஜ் லண்டன் போனார். மன்னரின் தோட்டக்காரர், அந்தக் காலத்தில் அந்தத் துறையில் பெரிய பெயர்.

வீட்டுக்குள் என்ன இருந்தது? ஜன்னல்களில் 300 கண்ணாடி உடைந்திருந்தது. 50-க்கு மேற்பட்ட நாற்காலிகள் உடைந்தோ காணாமலோ போயிருந்தன. அடுப்பெரிக்கப் போயிருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 20 நல்ல ஓவியங்கள் கிழிந்து, சட்டங்கள் நொறுங்கிக் கிடந்தன. தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் மையும். இறகு மெத்தைகள், விரிப்புகள், கட்டில் திரைகள் கிழிந்து அழுக்காகி இருந்தன. பூட்டுகள் உடைந்து, சாவிகள் காணோம். பட்டியலில் இன்னொரு வரி: உடைந்தும் தொலைந்தும் போன ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகள் மூன்று, ஒரு பவுண்டு.

அந்தத் தள்ளுவண்டி வரியிலிருந்துதான் புகழ்பெற்ற அந்தக் கதை வளர்ந்தது. ஜாரை வண்டியில் உட்கார வைத்து, தோட்டத்தில் ஓட்டி, ஈவ்லினின் ஹாலி வேலிக்குள் இடித்துத் தள்ளினார்கள் என்பது. ஹாலி என்றால் பளபளப்பான இலை, ஓரமெல்லாம் முள். அதை வேலியாக நெருக்கமாக வளர்த்தால் ஆடு மாடு கூட நுழையாது.

வேலிக்கு என்ன ஆச்சு?

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கணும். நிறையப் பேர் வேலி நாசமானது என்றே முடித்துவிடுகிறார்கள். ஜார்ஜ் லண்டன் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிது இல்லை.

புல்தரை முழுக்கக் குழி குழியாக இருக்கிறது, குதித்தும் வித்தை காட்டியும் கெடுத்திருக்கிறார்கள் என்கிறார். பந்து விளையாடும் புல்வெளியும் அப்படியே. சரளைக்கல் பாதைகள் பெயர்ந்து கிடக்கின்றன. இதெல்லாம் செய்து கெடுத்தவை. அடுத்து வருவது செய்யவிடாமல் கெட்டவை. காய்கறிப் பாத்திகளில் களை மண்டிவிட்டது, எரு போடவில்லை, பயிர் வைக்கவில்லை. சுவரோரப் பழமரங்களைக் கவாத்து செய்யவில்லை, கொடியை இழுத்துக் கட்டவில்லை. வேலிகளை வெட்ட வேண்டிய மாதிரி வெட்டவில்லை. காரணம் என்ன? வேலை செய்ய வேண்டிய பருவத்தில் ஜார் ஆட்களை உள்ளே விடவில்லை.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த ஊரில் அதுதான் கவாத்துக்கும் விதைப்புக்குமான காலம். தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்று நினைத்த ஒருவர் தோட்டக்காரர்களை வெளியே நிறுத்தினார். அந்த ஒரு பருவம் போனால் ஒரு வருடம் போயிற்று.

மூன்றாவதாக, லண்டன் ஒரு தனி வகையைக் குறிப்பிடுகிறார்: சரிசெய்யவே முடியாதவை. பழமரக் கிளைகள் ஒடிந்தது, அருமையான ஃபில்லிரியா செடிகள் இரண்டு மூன்று கெட்டது, பல ஹாலி மரங்கள் ஒடிந்தது. கண்ணாடியை மாற்றலாம், புல்லைப் பதிக்கலாம், நாற்பது வருட மரத்தை என்ன செய்வது?

ஆக ஹாலி மரங்கள் ஒடிந்தது உண்மை. ஆனால் அந்தப் பெரிய வேலி? அதைப் பற்றி ஈவ்லினே சொல்லியிருக்கிறார். 'சில்வா' புத்தகத்தின் 1706 பதிப்பில், 400 அடி நீளம், 9 அடி உயரம், 5 அடி தடிமன் உள்ள ஹாலி வேலியைப் புகழ்கிறார். ஜார் புண்ணியத்தில் பாழாகிப்போன என் தோட்டத்தில் அதை எந்தப் பருவத்திலும் இன்றைக்கும் காட்ட முடியும் என்கிற தொனியில் எழுதுகிறார். மழை, மிருகம், வேலி உடைக்க வருகிறவன், எதற்கும் அசையாதது என்கிறார். அதாவது தோட்டம் பாழ், ஆனால் வேலி நிற்கிறது. தள்ளுவண்டிக் கதை நடந்ததா இல்லையா என்பதைத் தாண்டி, அதில் ஜெயித்தது வேலிதான் என்று வீட்டுக்காரரே எழுதி வைத்திருக்கிறார். அது அவருடைய கடைசிப் பதிப்பு. அதே 1706-இல் காலமானார்.

காசு யாருக்கு?

1698 ஜூனில் கருவூலம் கணக்கை முடித்தது. மொத்தம் 350 பவுண்டு, 9 ஷில்லிங், 6 பென்ஸ். இதில் ஈவ்லினுக்கு 162 பவுண்டு 7 ஷில்லிங். பென்போவுக்கு 158 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். மிச்சம் 30 பவுண்டு ரஸ்ஸல் என்ற ஒருவருக்கு. பக்கத்தில் இருந்த அவருடைய சின்ன வீட்டில் ஜாரின் காவலர்கள் தங்கியிருந்தார்கள்.

ஈவ்லினின் 162 பவுண்டில் வீட்டுக்கு 107 பவுண்டு 7 ஷில்லிங், தோட்டத்துக்கு 55. நாற்பது வருடத் தோட்டத்துக்கு 55 பவுண்டு. அவர் ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு பழுதுபார்க்கும் செலவை அளக்கிற கணக்கு. இழப்பை அளக்கிற கணக்கு இல்லை. இன்றைக்கு நம்ம அட்வான்ஸ் சண்டைகளும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. ஒருத்தர் பெயிண்ட் விலை பேசுவார், இன்னொருத்தர் தன் அப்பா கட்டிய வீடு என்று பேசுவார்.

இப்போது முதலில் சொன்ன மூன்று கேள்விக்கு வருவோம்.

யார் உடைத்தது? ஜாரும் அவர் ஆட்களும். அதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாமே அவர்களா? பென்போ காலத்திலேயே வீடு கெட்டுக்கொண்டிருந்ததை ஈவ்லினின் கடிதமே காட்டுகிறது. வெளிநாட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போன பிறகு பட்டியல் எழுதுகிறார்கள். பணம் தரப்போவது அரசாங்கம். மனு போடுகிறவரோ ஓனருக்கு நஷ்டஈடு தர வேண்டிய நிலையில் இருக்கும் உள்வாடகைக்காரர். பழைய கீறலையும் புதுக் கணக்கில் சேர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பென்போ அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'காட்டுமிராண்டி ரஷ்யர்கள்' என்று இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள், அந்த 1697 கடிதத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

யார் பொறுப்பு? சட்டப்படி பார்த்தால் ஈவ்லினுக்கும் பீட்டருக்கும் நடுவில் இருவர் இருக்கிறார்கள்: வாடகைக்கு எடுத்த பென்போ, செலவை ஏற்ற மன்னர் வில்லியம். குடியிருப்பவர் சொத்தைப் பாழாக்கினால் அதற்கு ஆங்கிலச் சட்டத்தில் அப்போதே 400 வருடப் பழமையான ஏற்பாடு இருந்தது. 1278-ஆம் ஆண்டின் குளோஸ்டர் சட்டப்படி சேதத்துக்கு மூன்று மடங்கு நஷ்டஈடும், பாழாக்கிய இடத்தைப் பறிமுதல் செய்வதும் சாத்தியம். ஆனால் இன்னொரு நாட்டு ராஜா மேல் யார் வழக்குப் போடுவது? அதனால் எல்லோருமே கருவூலத்தின் கதவைத் தட்டினார்கள்.

யார் காசு கொடுத்தது? இங்கிலாந்தின் கருவூலம். அதாவது அந்த ஊர் மக்களின் வரிப்பணம். வேலையாள் கடிதத்தில் இருந்த தகவலை மறுபடி நினைத்துப் பாருங்க: செலவு மன்னருடையது. தங்குகிறவர் வேறு, கையெழுத்துப் போட்டவர் வேறு, காசு கட்டுகிறவர் வேறு என்றால், கண்ணாடி உடைவதைப் பற்றிக் கவலைப்பட அந்த வீட்டுக்குள் யாருமே இல்லை. இன்றைக்குக் கம்பெனி எடுத்துக் கொடுத்த வீடுகளில் நடக்கும் தகராறுகளின் வேர் பெரும்பாலும் இதுதான். அந்த ஆளின் குணம் எப்படி என்பது இரண்டாவது விஷயம்.

பத்து வருடம் கழித்து

இதே ரஷ்யா, இதே லண்டன், இதே கடன் பிரச்சினை மறுபடி வெடித்தது. 1708 ஜூலையில் ரஷ்யத் தூதர் அந்திரேய் மத்வேயெவ் ஊருக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார். கடைக்காரர்களுக்குச் சுமார் 50 பவுண்டு பாக்கி. வெளிநாட்டுக்காரர் கிளம்பிவிட்டால் காசு வராது என்று பயந்த கடன்காரர்கள் ஆள் வைத்து, நடுத்தெருவில் அவரை வண்டியிலிருந்து இழுத்துக் கைது செய்ய வைத்தார்கள்.

பீட்டர் கொதித்துப்போனார். சம்பந்தப்பட்ட அதிகாரி உட்பட எல்லோருக்கும் மரண தண்டனை கேட்டார். ஆன் அரசி அனுப்பிய பதில் முக்கியமானது. சட்டம் இடம் கொடுக்காமல் தன் குடிமக்களில் மிக எளியவரைக்கூடத் தன்னால் தண்டிக்க முடியாது என்பதுதான் அது. அதற்குப் பதிலாக, தூதர்களைக் கடனுக்காகக் கைது செய்யக்கூடாது என்று 1709-இல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் அலங்காரப் பிரதி ஒன்று மாஸ்கோவுக்குப் போனது. தூதர்களுக்கான பாதுகாப்பு எழுத்துச் சட்டமாக வளர்ந்த பாதையில் அது ஒரு முக்கியமான படி. இப்போது உலகம் முழுக்க நடைமுறையில் இருப்பது 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம். தூதரகக் கட்டடத்துக்குள் தலைவரின் சம்மதம் இல்லாமல் போலீஸ் கூட நுழைய முடியாது.

இந்தப் பாதுகாப்பு தேவையானது. அது இல்லாவிட்டால் எந்த நாடும் எந்தத் தூதரையும் பொய் வழக்கில் உள்ளே தள்ளலாம். ஆனால் அதன் சுமை விழுவது யார் மேல்? தூதரகத்துக்கு வீடு விட்ட ஓனர், பாக்கி கொடுத்த கடைக்காரர் மேல்தான். 1698-இல் ஈவ்லினுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது, ஏனென்றால் அரசாங்கம்தான் விருந்தாளியைக் கொண்டுவந்து வைத்தது. 50 பவுண்டு கடன்காரர்களுக்கு அப்படி முன்னாடி வந்து நிற்க ஆள் இல்லை, அவர்கள் கையை எடுத்தார்கள். ஒரே ஊரில், பத்தே வருட இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள். நடுவில் ஒரு பொறுப்பான ஜாமீன் இருந்தால் தகராறு மனுவோடு முடிகிறது. இல்லாவிட்டால் தெருவுக்கு வருகிறது.

மிச்சம் இருப்பது

பீட்டர் ஊருக்குப் போய் 1703-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் போட்டார், பீட்டர்ஹாஃபில் அரண்மனை கட்டினார். 1720-களில் அங்கே வரும் விருந்தாளிகளுக்கு ஒரு விதிப்பட்டியல் போட்டார். அதில் ஒன்று, பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் படுக்கக்கூடாது என்பது. ஓனர் ஆனதும் எல்லோருக்கும் மெத்தையின் அருமை தெரிந்துவிடுகிறது.

சேஸ் கோர்ட் மீளவில்லை. ஈவ்லின் அங்கே திரும்பி வந்து வாழவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அந்த இடம் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியானது. தோட்டத்தின் பெரும்பகுதியைக் கப்பல் தளம் விழுங்கியது. 1884-இல் ஈவ்லினின் வம்சத்தில் வந்த ஒருவர் மிச்சமிருந்த நிலத்தை மக்களுக்காகக் காப்பாற்ற நினைத்து, ஏழைகளின் குடியிருப்புக்காக உழைத்த ஆக்டேவியா ஹில்லை அணுகினார். நிலத்தை நிரந்தரமாகப் பொதுமக்கள் சார்பில் வைத்துக்கொள்ள அப்போது பொருத்தமான அமைப்பே இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று அவரும் வழக்கறிஞர் ராபர்ட் ஹன்டரும் பேச ஆரம்பித்ததிலிருந்துதான், 1895-இல் நேஷனல் ட்ரஸ்ட் பிறந்தது. இன்றைக்கு அந்த நாட்டின் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் கடற்கரைகளையும் பாதுகாக்கும் பெரிய அமைப்பு அது.

இப்போது அங்கே போனால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அதில் ஒரு வயதான முசுக்கொட்டை மரம். ஜார் நட்டது என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்திலேயே ஜார் பெயரில் ஒரு தெரு. ஆற்றோரமாக, 2001-இல் வைத்த ஜாரின் சிலை ஒன்று. நாற்பது வருடம் அங்கே மரம் வளர்த்தவர் இருந்த இடத்தில், பத்து வாரம் தங்கிவிட்டுப் போனவருக்குச் சிலை. சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னாடி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த எபிசோடைக் கேட்டுவிட்டு யாராவது வெளிநாட்டில் வீடு தேடிக்கொண்டிருந்தால், சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, ஓனர் கையெழுத்தோடு ஒரு பட்டியல் போட்டுக்கோங்க. பென்போ காலத்துக் கீறல் எது, நம்ம காலத்துக் கீறல் எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வீடு விடுகிறவர்களும் அதே மாதிரி, உள்ளே இருக்கப்போவது யார், காசு கட்டப்போவது யார் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.